எடைக்கல்லுக்கு ஒரு விமானச் சீட்டு

தராசுகள் சரிதானா என்று சோதித்து முத்திரை வைக்கும் ஆய்வாளர் என்பவர் எப்படிப்பட்டவர் என்பதைத் துறையின் கையேடு நான்காம் பக்கத்தில் சந்தேகத்துக்கு இடமில்லாமல் சொல்கிறது: “திடகாத்திரமான உடற்கட்டும் கம்பீரமான குரலும் உடைய ஆண். இருபது கிலோ எடைக்கல்லைப் பிறர் உதவியின்றித் தூக்கி, தராசுத் தட்டில் ஓசையின்றி வைக்க வல்லவர். வணிகர்களின் கூச்சலுக்கு அஞ்சாதவர். எந்நேரமும் பயணத்துக்கு ஆயத்தமாக இருப்பவர்.”

இந்தக் கையேட்டின் ஒரு பிரதி, முனை மடங்கி, தேநீர்க் கறையோடு, இருபத்தாறு ஆண்டுகளாக ஒரு பெண்ணின் மேசை இழுப்பறையில் கிடந்தது. அவருடைய எடை நாற்பத்து மூன்று கிலோ. குரலைக் கேட்டால் பக்கத்து அறையில் யாரோ ரகசியம் பேசுவது போல இருக்கும். பேருந்தில் ஜன்னலோரம் கிடைக்காவிட்டால் மூன்றாவது நிறுத்தத்திலேயே முகம் வெளுத்துவிடும். கூச்சலுக்கு நன்றாகவே அஞ்சுவார். அஞ்சிக்கொண்டே வேலையை முடித்துவிட்டும் வருவார். இப்படி ஒரு வகை உண்டு என்று கையேடு எழுதியவர்களுக்குத் தோன்றவில்லை.

பெண்களையும் இந்தப் பதவிக்கு எடுக்கலாம் என்று பிற்பாடு ஓர் உத்தரவு வந்தது. உத்தரவு போட்டவர்கள் கையேட்டைத் திருத்த மறந்துவிட்டார்கள். ஆகவே ஆண்டுதோறும் “மேற்கண்ட தகுதிகள் அனைத்தும் எனக்கு உள்ளன” என்ற படிவத்தில் அவர் கையெழுத்துப் போட்டு வந்தார். பொய்யான எதிலும் கையெழுத்துப் போடாதவர் என்று துறையில் பெயரெடுத்தவர், வருஷத்துக்கு ஒரு தடவை தான் ஓர் ஆண் என்று எழுத்துமூலம் ஒப்புக்கொண்டார்.

சந்தையில் அவருக்குக் “கால் கிலோ மேடம்” என்று பெயர். முதுகுக்குப் பின்னால்தான். எதிரே வந்துவிட்டால் வெறும் மேடம். தராசின் அடியில் காந்தம் ஒட்டியவர்கள், படிக்கல்லைக் குடைந்து ஈயத்தை எடுத்தவர்கள் எல்லோரும் அந்தக் கால் கிலோவைக் கண்டால் கைகட்டி நின்றார்கள்.

எடைக்கல் தூக்குவதற்கென்று ஆய்வாளருக்கு ஓர் உதவியாளர் உண்டு. அந்தப் பணியிடம் ஒன்பது ஆண்டுகளாகக் காலி. காலியிடத்துக்கு ஆண்டுதோறும் இரண்டு ஜோடி சீருடை மட்டும் தவறாமல் வந்துகொண்டிருந்தது. ஆகவே எடைக்கல்லை மேடமே தூக்கினார். தூக்கித் தூக்கி, முதுகெலும்பின் அடிப்பக்கத்தில் ஒரு தட்டு இடம் மாறியது.

“இனிமே கனமான பொருள் எதையும் தூக்காதீங்க” என்றார் எலும்பு மருத்துவர்.

“என் உத்தியோகமே அதுதான் டாக்டர்.”

“அப்ப வேற உத்தியோகம் பாருங்க.”

மருத்துவர்கள் எழுதிக் கொடுக்கும் மருந்துகளிலேயே கடையில் கிடைக்காதது அது ஒன்றுதான். ஆனால் கால் கிலோ மேடத்துக்குக் கிடைக்கும் போலிருந்தது. தலைநகரில் இருந்த மத்திய ஆய்வுக்கூடத்தில் முதுநிலை ஆய்வாளர் பதவி ஒன்று காலியானது. அங்கே எடைக்கல்லை இயந்திரக் கை தூக்கும். ஆய்வாளர் நாற்காலியில் உட்கார்ந்து கண்ணாடி வழியாகப் பார்த்தால் போதும். ஐந்தாண்டுக்கு ஒரு முறைதான் அந்த இடத்துக்கு ஆள் எடுப்பார்கள். மேடம் ஓய்வு பெற இரண்டரை ஆண்டுகள் இருந்தன. இந்தத் தடவை விட்டால் மிச்ச நாளும் இருபது கிலோவோடுதான். நிபந்தனை ஒன்றே ஒன்று: கடந்த பத்தாண்டுகளில் விண்ணப்பதாரர் வைத்த முத்திரை ஒன்றுகூட ரத்தாகியிருக்கக் கூடாது. அப்படிப்பட்டவர்கள் மொத்த வட்டாரத்திலும் இரண்டே பேர் இருந்தார்கள். ஒருவர் கால் கிலோ மேடம். மற்றவர் வைத்த முத்திரைகளைச் சரிபார்க்க யாரும் போனதே இல்லை.

நேர்காணல் வியாழக்கிழமை பிற்பகல் மூன்று மணிக்கு என்று ஒரு கடிதம் வந்தது. அதே கட்டடத்தின் வேறொரு மாடியிலிருந்து இன்னொரு கடிதமும் வந்தது: உங்கள் அலுவலகத்தின் இருபது கிலோ எடைக்கல்லை ஒப்பீட்டுச் சோதனைக்காக வியாழக்கிழமை நேரில் கொண்டு வரவும். ஒரு மாடி எழுதியது இன்னொரு மாடிக்குத் தெரியாது. கடிதங்கள் வந்து சேர்ந்தது செவ்வாய்க்கிழமை. ரயிலில் போனால் இரண்டரை நாள். ஆகவே, துறையின் வரலாற்றில் முதன்முறையாக, ஓர் எடைக்கல் விமானத்தில் போக அனுமதி கிடைத்தது. கூடவே ஓர் ஆய்வாளரும் போகலாம்.

புதன்கிழமை மாலை வீட்டுக் கூடத்தில் பெட்டி கட்டும் மாநாடு நடந்தது. தலைமை, மேடத்தின் கொழுந்தனார். மின்சாமான் கடை வைத்திருப்பவர். இரண்டு முறை விமானத்தில் பறந்திருப்பதாகச் சொல்லிக்கொள்வார். போனது ஒன்று, வந்தது ஒன்று.

மேடத்தின் கணவர் ஓய்வு பெற்ற பேருந்து நடத்துநர். முப்பது ஆண்டுகள் மூட்டைகளைக் கண்ணாலேயே எடைபோட்டு லக்கேஜ் சீட்டுக் கிழித்தவர். ஒரு மூட்டையைப் பார்த்ததும் “அரை டிக்கெட்” என்பார். மூட்டைக்குச் சொந்தக்காரர் வாயைத் திறந்தால் அது முழு டிக்கெட் ஆகிவிடும். கண்ணை நம்பும் ஒருவரும் கண்ணையே நம்பாத ஒருவரும் இருபத்தெட்டு ஆண்டுகள் ஒரே கூரையின் கீழ் சண்டையின்றி வாழ்ந்ததற்கு ஒரு காரணம் உண்டு. அந்த வீட்டில் தராசே கிடையாது. வைத்தால் அதற்கும் முத்திரை வேண்டும்; தன் வீட்டுத் தராசுக்குத் தானே முத்திரை வைப்பது முறையல்ல என்று மேடம் வாங்கவிடவில்லை.

கொழுந்தனார் கைபேசியைத் தூரப் பிடித்துக்கொண்டு விமானக் கம்பெனியின் விதிகளை வாசித்தார்.

“கையில ஏழு கிலோ அண்ணி. கீழே போடுற பெட்டி இருபத்தஞ்சு கிலோ. எண்ணெய், ஷாம்பு எதுவும் கையில நூறு மில்லிக்கு மேல கூடாது. கத்தி, கத்தரி கூடாது. பவர் பேங்க் கையில மட்டும்தான், கீழே போடவே கூடாது.”

“அதாவது தீப்பிடிக்கிற சாமான் நம்ம மடியில இருக்கணும், சாதுவான சாமான் கீழே போகணும்” என்றார் கணவர்.

“புகைஞ்சா அணைக்கிறதுக்கு ஆள் இருக்கணும்ல அண்ணே.”

“பஸ்ல இந்தப் பாகுபாடே கிடையாதுடா. எரிஞ்சா எல்லாம் ஒண்ணா எரியும்.”

“துணியை மடிக்காதீங்க அண்ணி, சுருட்டுங்க. சுருட்டினா நல்லது.”

“சுருட்டினா எடை குறையுமா?” என்று கேட்டார் மேடம்.

“எடை அதேதான்.”

“அப்புறம் எதுக்கு?”

“எல்லாரும் சுருட்டுறாங்க அண்ணி. அப்புறம் இது முக்கியம், கேட்டுக்கோங்க. கனமான துணியெல்லாம் உடம்புல போட்டுக்கணும். பெட்டியைத்தான் எடை போடுவாங்க. ஆளை எடை போட மாட்டாங்க.”

மேடம் சுருட்டிக்கொண்டிருந்த சேலையைக் கீழே வைத்தார். “ஆளை எடை போட மாட்டாங்களா?”

“மாட்டாங்க.”

“நான் நாற்பத்து மூணு. உங்க அண்ணன் தொண்ணூத்தாறு. ரெண்டு பேருக்கும் அதே இருபத்தஞ்சுதானா?”

“அதேதான்.”

“அப்ப இவர் ஏறினா என்னைவிட அம்பத்து மூணு கிலோ அதிகமா ஏத்துறார். அதை யாரும் கேக்க மாட்டாங்க. நான் ஒரு கிலோ கூட வச்சா மட்டும் கேப்பாங்க.”

“என்னை ஏன்டி லக்கேஜ்ல சேக்குற?” என்றார் கணவர்.

கைப்பை ஏழு கிலோவுக்குள் இருக்கிறதா என்ற கேள்வி வந்தது. கணவர் அதை ஒரு விரலால் தூக்கி, “ஆறரை” என்று தீர்ப்புச் சொன்னார். கொழுந்தனார் சிரித்தார். “அதெல்லாம் பழைய காலம் அண்ணே” என்று சட்டைப் பையிலிருந்து ஒரு கைத்தராசை எடுத்தார். மேலே பிடி, கீழே கொக்கி, நடுவில் சின்னத் திரை. பயணிகளுக்காகவே செய்தது.

மேடம் அதை வாங்கித் திருப்பிப் பார்த்தார். அடியில் பார்த்தார். பக்கவாட்டில் பார்த்தார்.

“முத்திரை எங்கே?”

“இதுக்கெல்லாமா அண்ணி முத்திரை?”

“எங்க வாங்கினீங்க?”

“வாங்கலை, நம்ம கடையிலயே விக்கிறேன். ஊர்ல பாதிப் பேர் இதுலதான் பெட்டி எடை போடுறான்” என்று சொல்லி முடிப்பதற்குள் தன் வாயே தனக்கு எதிரி என்பது அவருக்கு விளங்கிவிட்டது. ஆனால் மேடம் அதற்குள் கைப்பையின் பக்க ஜிப்பைத் திறந்து ரசீதுப் புத்தகத்தை எடுத்திருந்தார். ‘முத்திரையிடப்படாத எடைக்கருவி ஒன்று கைப்பற்றப்பட்டது’ என்று எழுதி, தேதி போட்டு, கிழித்துக் கொடுத்தார்.

“குடும்பத்துக்குள்ளயே இப்படியா அண்ணே?”

“ரசீதைப் பத்திரமா வச்சுக்கோ” என்றார் அண்ணன். “என்கிட்ட ஏழு இருக்கு.”

கைத்தராசு போனால் என்ன, எடைக்கல் பெட்டியைப் பற்றி யாருக்கும் கவலை இல்லை. உலகத்தில் தன் பெட்டியின் எடையைத் துல்லியமாக அறிந்து விமானம் ஏறப்போகும் ஒரே பயணி கால் கிலோ மேடம்தான். எஃகு எடைக்கல் இருபது கிலோ. அதை வெறும் கையால் தொடக் கூடாது. வியர்வை பட்டால் துரு, துரு பிடித்தால் எடை மாறும். ஆகவே வெல்வெட் உறை, கையுறை, பூட்டுப் போட்ட மரப்பெட்டி. அலுவலகத் தராசில் எல்லாம் சேர்த்து இருபத்து நாலு கிலோ எண்ணூற்று நாற்பது கிராம். இன்னும் நூற்று அறுபது கிராமுக்கு இடமிருந்தது. அந்த நூற்று அறுபது கிராம் சும்மா போகிறதே, ஒரு சோப்பாவது வைக்கலாமே என்று கொழுந்தனார் வாசல் வரைக்கும் சொல்லிக்கொண்டே போனார்.

வியாழக்கிழமை காலை ஏழு மணிக்கு விமான நிலையம் இரண்டு குளிர்காலங்களைச் சேர்த்துக் கட்டியது போல இருந்தது. வரிசையில் நின்ற பாதிப் பேர் மேல் சட்டைக்கு மேல் மேல் சட்டை போட்டிருந்தார்கள். ஒருவர் மழைக்கோட்டு அணிந்து, அதன் பைகளில் சார்ஜர்களைத் திணித்து, நடக்கும்போது வால் போல ஒயர் தொங்க நின்றார். இன்னொருவர் மலையேறும் பூட்ஸ் போட்டிருந்தார். மற்ற செருப்பெல்லாம் பெட்டியில் என்று விளக்கம் சொன்னார். ‘கனமானதை உடுத்துங்கள்’ என்ற அறிவுரையை உலகமே படித்திருந்தது. விமானம் சுமக்கும் எடையில் இதனால் ஒரு கிராமும் குறையவில்லை. எல்லோரும் விதிப்படி இருந்தார்கள்.

கவுண்டர்கள் நான்கு. ஒவ்வொன்றிலும் தரையோடு பதித்த தராசு, அதற்குப் பின்னால் பெட்டியை இழுத்துக்கொண்டு போகும் பட்டை. நான்கு தராசிலும் இருந்தது கால் கிலோ மேடத்தின் முத்திரைதான். ஐந்து மாதத்துக்கு முன் அவரே வந்து வைத்தது. பார்வையாளர் சீட்டு வாங்கி டிராலியைத் தள்ளிக்கொண்டு வந்த கணவரிடம் அதைக் காட்டினார். வேறு பெண்கள் நகைக் கடையில் காட்டும் முகம் அது.

முதல் கவுண்டரில் அவர்களுக்கு முன்னால் ஒரு நர்ஸ் நின்றாள். குளிர் தேசத்து ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்து, தலைநகர் வழியாகப் போகிறவள். மூன்று ஸ்வெட்டரும் அதன்மேல் ஒரு கோட்டும் போட்டு, நெற்றியிலிருந்து தாடை வரை வேர்த்து ஊற்ற, தன் தாய்மாமாவோடு வந்திருந்தாள். அவள் பெட்டி இருபத்தாறு கிலோ இருநூறு காட்டியது.

“ஒண்ணேகால் கிலோ எடுத்துடுங்க” என்றாள் கவுண்டர் பெண். அவள் குரலில் கோபமும் இல்லை, இரக்கமும் இல்லை. ஒரு நாளைக்கு இருநூறு தடவை சொல்கிற வாக்கியத்தில் எதைத்தான் வைப்பது?

“கடையில எடை போட்டேங்க. இருபத்தஞ்சுக்கு உள்ளதான் இருந்துச்சு.”

“மெஷின் காட்டுறதுதான் மேடம் கணக்கு.”

பெட்டி திறந்தது. ஊரே பார்க்கத் துணிகள் வெளியே வந்தன. இனி உடம்பில் போட்டுக்கொள்ள அவளுக்கு உடம்பு மிச்சமில்லை. கடைசியில் ஒரு தடித்த புத்தகத்தில் கை நின்றது.

“அதை எடுத்துடும்மா” என்றார் மாமா. “அதான் பரீட்சை பாஸ் பண்ணிட்டியே.”

“அங்க போய் மறுபடியும் எழுதணும் மாமா. இதுலதான் எல்லாம் குறிச்சு வச்சிருக்கேன்.”

“கையில எடுத்துட்டுப் போ.”

“கையில வச்சா அதுவும் லக்கேஜ்தான் சார்” என்றாள் கவுண்டர் பெண். “ஏழு கிலோ ஏற்கெனவே இருக்கு.”

நர்ஸ் திரும்பி யாரைப் பார்ப்பது என்று தெரியாமல் மேடத்தைப் பார்த்தாள். “கடையில நல்லா எடை போட்டுப் பாத்தேன் அக்கா.”

“அந்தக் கடைத் தராசுல முத்திரை இருந்துச்சாம்மா?” என்று மேடம் கேட்டார்.

“பாக்கலையே அக்கா.”

“பாக்கணும். இதுல இருக்கு, பாரு. இது தப்பாக் காட்டாது. நான்தான் வச்சேன்.”

புத்தகத்தை மாமாவிடம் கொடுத்துவிட்டு நர்ஸ் உள்ளே போனாள். அவர் அதைக் கையில் வைத்துக்கொண்டு வெளியே நடந்தார்.

அடுத்து மரப்பெட்டி. சுமை தூக்கும் ஆள் அதைத் தூக்கி, “என்னம்மா, இரும்பா?” என்று கேட்டபடி தராசில் வைத்தார். இருபத்தாறு கிலோ நூறு.

“ஒரு கிலோ நூறு எடுத்துடுங்க மேடம்.”

“எதுல இருந்து?”

“பெட்டியில இருந்துதான்.”

“பெட்டியில ஒரே ஒரு சாமான்தான் இருக்கு.”

“அதுல கொஞ்சம் எடுங்க.”

மேடம் பூட்டைத் திறந்து காட்டினார். வெல்வெட்டின் நடுவே எஃகு பளபளத்தது. கவுண்டர் பெண் எழுந்து நின்று எட்டிப் பார்த்தாள்.

“இது என்ன மேடம்?”

“இருபது கிலோ.”

“இருபது கிலோ என்னது?”

“இருபது கிலோதான்.”

“அதான் மேடம், என்ன பொருள்?”

“வேற பொருள் எதுவும் இல்லம்மா. இருபது கிலோன்னா எவ்வளவுன்னு சொல்றதே இதுதான்.”

கவுண்டர் பெண் யோசித்தாள். அவளுக்குக் கொடுத்த பயிற்சியில் கூர்மையான பொருள், எரியும் பொருள், கசியும் பொருள், உயிருள்ள பொருள் எல்லாவற்றுக்கும் பதில் இருந்தது. இதற்கு இல்லை. “சரிங்க மேடம்” என்றாள் கடைசியில். “ஆனா மெஷின் வேற சொல்லுதே.”

பின்னாலிருந்து கணவர் கேட்டார்: “உன் கல்லு கூடிடுச்சா, உன் தராசு கூடிடுச்சா?”

சட்டப்படி இரண்டுமே சரி. கல்லுக்கும் சான்றிதழ் இருந்தது, தராசுக்கும் முத்திரை இருந்தது. இரண்டிலும் துறையின் சின்னம். மேடம் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். அது தராசின் உள்மூலையில், பட்டையை ஒட்டி நின்றது.

“அதைக் கொஞ்சம் நடுவுல தள்ளுங்க” என்றார்.

சுமைக்காரர் தள்ளினார். திரையில் எண்கள் ஓடி நின்றன. இருபத்து நாலு கிலோ எண்ணூறு.

“பாத்தீங்களா, சரியாயிடுச்சு!” என்று கவுண்டர் பெண் முகம் மலர்ந்து, உடனே டேக்கை அச்சடித்து, கவுண்டரைச் சுற்றி வந்து கைப்பிடியில் ஒட்டினாள். “மெஷின் சில நேரம் அப்படித்தான் மேடம்.”

“நீங்க எப்பவும் பெட்டியை எங்க வைப்பீங்க?” என்று சுமைக்காரரிடம் மேடம் கேட்டார்.

“மூலையிலதாம்மா. நடுவுல வச்சா டேக் ஒட்ட அந்தப் பொண்ணுக்குக் கை எட்டாது.”

“எல்லாப் பெட்டியும்?”

“எல்லாப் பெட்டியும்.”

“இப்பப் போன நர்ஸ் பொண்ணு பெட்டி?”

“அதுவும்தான்.”

தராசைச் சோதிக்கும் முறை எளிது. எடைக்கல்லை நடுவில் ஒரு முறை வைக்க வேண்டும், பிறகு நான்கு மூலையிலும் ஒவ்வொரு முறை. அடியில் நான்கு கால்கள் இருப்பதால் ஒரு கால் கோணினால் அந்த மூலையில் மட்டும் எண் பொய் சொல்லும். ஐந்து மாதத்துக்கு முன் அவர் வந்தபோது இதே போல் நீண்ட வரிசை நின்றது. ஃப்ளைட் போயிடும், சீக்கிரம், எவ்வளவு நேரம் என்று கத்தினார்கள். முதுகு அன்று எரிந்துகொண்டிருந்தது. நான்கு தராசு, ஒவ்வொன்றுக்கும் ஐந்து தடவை தூக்கினால் இருபது தடவை. மேடம் நடுவில் மட்டும் நான்கு தடவை தூக்கினார். படிவத்தில் ‘மூலைகள்’ என்ற கட்டத்திலும் சரி என்று குறி போட்டார். இருபத்தாறு ஆண்டில் அந்த ஒரு தடவைதான். நடுவில் அப்பழுக்கில்லாமல் உண்மை பேசும் தராசுக்கு முத்திரை கிடைத்தது. நடுவில் ஒருவரும் பெட்டி வைப்பதில்லை.

“வா, போலாம். அதான் ஒட்டியாச்சே” என்றார் கணவர்.

மேடம் நகரவில்லை. “பட்டையை நிறுத்துங்க” என்றார். யாருக்கும் கேட்கவில்லை. இன்னொரு தடவை சொன்னார். அடையாள அட்டையை எடுத்து மேசைமேல் வைத்த பிறகுதான் கேட்டது.

நிலைய மேலாளர் வந்தார். விஷயத்தைக் கேட்டதும் அவருக்கு ஒரே நொடியில் தீர்வு கிடைத்தது. “அவ்வளவுதானே மேடம்? நடுவுல மஞ்சள் டேப்பால ஒரு கட்டம் போட்டுடுறேன். இனிமே எல்லாப் பெட்டியும் அங்கதான். நீங்க கிளம்புங்க, கேட் மூடப்போறாங்க.”

“இதுவரைக்கும் மூலையில வச்ச பெட்டியெல்லாம்?”

“கருவி காட்டுறதே இறுதின்னு எங்க விதியில இருக்கு மேடம். அதுல மூலை, நடுன்னு எதுவும் எழுதலை.”

மேடம் துறையின் துணை இயக்குநருக்குத் தொலைபேசினார். தூங்கி எழுந்த குரலில் அவர் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார்.

“இன்னைக்கு மூணு மணிக்கு நேர்காணல்.”

“ஆமா சார்.”

“இப்ப நீங்களே ரத்து பண்ணினாலும் அது ரத்துதான். நிபந்தனையில யார் ரத்து பண்ணதுன்னு கேக்க மாட்டாங்க.”

“தெரியும் சார்.”

“அப்பப் பேசாம ஏறுங்க. மூலை எங்கேயும் ஓடிப் போகாது. அடுத்த மாசம் வேற ஆளை அனுப்பி, அவர் கண்டுபிடிச்ச மாதிரி பண்ணிக்கலாம். அதுக்குள்ள உங்க ஆர்டர் கைக்கு வந்துடும்.”

“ஒரு மாசத்துல எத்தனை பெட்டி சார் போகும்?”

“பெட்டியெல்லாம் நம்ம துறை இல்லம்மா. நமக்குத் தராசு மட்டும்தான்.”

வரிசை கத்த ஆரம்பித்தது. மழைக்கோட்டுக்காரர், “என்னங்க அங்க? எங்களுக்கு வேலைவெட்டி இல்லையா?” என்றார். பூட்ஸ்காரர், தன் பெட்டி எப்படியும் இருபதுதான், ஊரான் மூலைக்கெல்லாம் தான் ஏன் நிற்க வேண்டும் என்று கேட்டார். நியாயமான கேள்வி. மேடம் கைப்பையைத் தோளில் மாட்டினார். மறுபடியும் இறக்கினார்.

“நான் கிழிச்ச டிக்கெட்டை ஒரு நாளும் திருப்பி வாங்கினதில்லை” என்றார் கணவர்.

“தெரியும்.”

“அதுக்காக என்மேல ஒரு புகார் வந்ததில்லை.”

“தெரியுங்க.”

அவர் மனைவியின் முகத்தைக் கொஞ்ச நேரம் கண்ணாலேயே எடை போட்டார். பிறகு தன் முழுக்கைச் சட்டையை மடித்துவிட்டுக்கொண்டார். “பெட்டியை இறக்கட்டுமா?”

“நான்தான் தூக்கணும். நீங்க கையுறையை எடுத்துக் குடுங்க.”

சுமைக்காரர் மட்டும் கேட்காமலேயே வந்து ஒரு பக்கம் பிடித்தார். விதியில் அதற்கு இடமில்லை. மேடம் கவனிக்காதது போல இருந்துகொண்டார்.

விமானம் எட்டே முக்காலுக்குக் கிளம்பியது. அதில் அவருடைய இருக்கை காலியாகப் போனது. மீதமிருந்த கவுண்டர்களில் வரிசை இரண்டு மடங்கானது. நன்றி சொன்னவர் யாருமில்லை. மூன்று பேர் அவருடைய பெயரையும் பதவியையும் கேட்டுக் குறித்துக்கொண்டார்கள், புகார் எழுதுவதற்காக. ஆய்வுக்கூடத்தின் நாற்காலி அந்த இன்னொரு விண்ணப்பதாரருக்குப் போனது.

அன்று காலை அவர் செய்தது இவ்வளவுதான். நான்கு தராசுகளையும் நடுவிலும் நான்கு மூலைகளிலும் எடைக்கல் வைத்துச் சோதித்தார். இரண்டில் பிழை இருந்தது. அவற்றின்மேல் தான் வைத்த முத்திரையைத் தானே ரத்து செய்தார். அறிக்கையில் ‘பிழைக்குப் பொறுப்பு’ என்ற இடத்தில், “முந்தைய சோதனையில் மூலைகளைச் சோதிக்காமலே சோதித்ததாக எழுதியது நான்” என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.